அண்ணன் சேர்த்துக்கொண்ட முந்நூற்று நாற்பது கிராம்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் ஹூஸ்டனை அடுத்த பேர்லேண்டுக்கு வந்து எங்களோடு அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதுவது. அண்ணனின் நல்ல குணங்களைப் பற்றி எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். அதை எழுதப் போனால் என் குட்டும் வெளிப்பட்டுவிடும். பரவாயில்லை, இத்தனை வருடம் மறைத்தது போதும்.

அண்ணன் கரூரில் பிறந்தவர். அவர் கல்லூரியில் சேர்ந்த வருடமே அப்பா போய்விட்டார். டியூஷன் எடுத்துத் தானும் படித்து, என்னையும் படிக்க வைத்து, பிறகு ஹூஸ்டனில் ஓர் எண்ணெய்க் கம்பெனிக்குப் பொறியாளராக வந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வேலை போயிற்று. வேறு வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது. கிடைத்த வாரமே அண்ணன் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆர்டர் கொடுத்தார். வந்து இறங்கியது காரில்லை. பெட்டி பெட்டியாக உதிரி பாகங்கள். நாமேதான் பூட்டிக்கொள்ள வேண்டுமாம். அண்ணி பெட்டிகளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

இரண்டு பேர் உட்காரலாம். கதவு கிடையாது, கூரை கிடையாது, ரேடியோ கிடையாது. மொத்த எடை ஐந்நூற்று எண்பது கிலோ. எடை குறைந்தால்தான் வண்டி பறக்கும் என்று ஒவ்வொரு பாகத்தையும் அண்ணியின் சமையலறைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுவார். ஒரு தாங்கியில் துளை போட்டு இருபது கிராம் குறைத்த நாளில் வீட்டில் கேசரி செய்யச் சொன்னார்.

நான்கு வருடம் கராஜ் அந்தக் காருக்கே என்றாகிவிட்டது. வெளியே நின்ற அண்ணியின் வேனில் ஆலங்கட்டி மழை விழுந்து கூரையெல்லாம் சொட்டை. அன்றுதான் அண்ணி நிபந்தனை போட்டார். அண்ணனும் ஒப்புக்கொண்டார்: சக்கரத்தில் நூறு குதிரைசக்தி வராவிட்டால் வண்டியைப் பிரித்து விற்றுவிடுவது.

அது என்ன சக்கரத்தில் என்று நானும் கேட்டேன். "விளம்பரத்துல போடறது எஞ்சினோட பவர், அம்மிணி. வழியில கியர்ல, பேரிங்ல கொஞ்சம் போயிரும். ரோட்டுக்கு வந்து சேர்றதுதான் நம்மளுது" என்றார். வாழ்க்கையிலும் அவர் அப்படித்தான். வாயால் சொல்வதை அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை, செய்து முடித்ததைத்தான் சேர்ப்பார்.

என் கணவருக்கு நியூ ஜெர்சியில் வேலை அமையும் வரை நாங்கள் அண்ணன் வீட்டில்தான் இருந்தோம். அளக்கப் போகிற சனிக்கிழமை காலை இங்கே பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் வண்டிக்குப் பூஜை. எலுமிச்சம்பழம் நசுங்கியது, தேங்காய் உடைந்தது. குருக்கள் விபூதி, குங்குமம், பூ வைத்த பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். புது வண்டிப் பிரசாதத்தை வண்டியில்தானே வைக்க வேண்டும்? எல்லாக் காரிலும் டாஷ்போர்டில் ஒரு பெட்டி இருக்கும். இதில் அதையும் எடைக்காகத் தவிர்த்திருந்தார். தேடினேன். எஞ்சின் பக்கத்தில் வாய் திறந்தபடி ஒரு குழாய் தெரிந்தது. பறந்துவிடக் கூடாதே என்று நன்றாக உள்ளே தள்ளி வைத்தேன்.

சக்தியை அளக்கும் கடையில் நண்பர் கூட்டம் காத்திருந்தது. பின்சக்கரங்களைக் கனமான உருளைகளின் மேல் நிறுத்தி வண்டியை முழு வேகத்தில் ஓட்டுவார்கள். வண்டி நகராது, உருளைதான் சுற்றும். அது எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கிறது என்பதை வைத்துச் சக்தியைக் கணக்கிடுவார்கள். எஞ்சின் இரைந்தது, பிறகு இருமியது. திரையில் எண்பத்தொன்று. பக்கத்து வீட்டுச் சுந்தரம் அங்கிள், தம்முடைய மினிவேனையும் ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் பாகங்களை விற்பதற்குப் பட்டியல் எழுத உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாப்பிடும்போது அண்ணி யதார்த்தமாக, பிரசாதம் எங்கே என்று கேட்டார். நான் இடத்தைச் சொன்னேன். அண்ணன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அது எஞ்சின் மூச்சு விடும் குழாயாம். மெல்ல ஓட்டும்போது தெரியாதாம், முழு வேகத்தில் திணறுமாம். பொட்டலத்தோடு வந்தவர், அதிலிருந்த விபூதியை முதலில் நெற்றியில் இட்டுக்கொண்டார். "இதை யாருகிட்டயும் சொல்ல வேண்டாம், அம்மிணி. உன்னை ஓட்டியே எடுத்துருவாங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அதே கூட்டம். என்ன கோளாறு என்று கேட்ட சுந்தரம் அங்கிளிடம், தன் கவனக்குறைவால் ஓர் அடைப்பு இருந்தது என்று மட்டும் சொன்னார். எஞ்சின் இரைந்தது. இந்த முறை இருமவில்லை. நூற்றுப் பன்னிரண்டு! முதலில் கை தட்டியவர் அண்ணி. அந்த வருடமே ஒரு விளையாட்டு மைதானத்தின் காலியான கார் நிறுத்துமிடத்தில் நடந்த வேகப் போட்டியில், இரண்டு மடங்கு பெரிய எஞ்சின் வைத்த கார்களை முந்தி அண்ணன் கோப்பை வாங்கினார்.

அண்ணனின் கடைசி மாதங்களில் அவரை மருத்துவமனைக்கு மாற்றி மாற்றி அழைத்துச் சென்ற நண்பர்களையும், கேலியை விட்டுவிட்டுத் தினமும் ரசம் கொண்டுவந்த சுந்தரம் அங்கிளையும் எங்கள் குடும்பம் என்றும் மறக்காது.

அண்ணனின் நோட்டைப் போன வாரம்தான் பிரித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் குறைத்த கிராம்கள். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒன்று கூட்டியிருந்தார்: "டாஷ்போர்டில் அலுமினியப் பெட்டி, தங்கச்சி பிரசாதம் வைக்க, 340 கிராம்." எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

நேற்று அண்ணன் மகள் வண்டியைக் கோயிலுக்கு ஓட்டிப்போய், அங்கிருந்து அதே கடைக்கும் கொண்டுபோனாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். திரையில் நூற்றுப் பன்னிரண்டு. பிரசாதம் பெட்டியில் இருந்தது.