ஈர மணலில் நேராக நடப்பது

கால் அடிக்கடி மரத்துப்போனதால் ஸ்கேன் எடுத்தேன். எல்லாம் நார்மல் என்றார் டாக்டர். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் என்னை நேர்கோட்டில் நடக்கவிட்டுப் பார்த்தது போல, தினமும் மீன்பிடித்துத் திரும்பிப் படகை விட்டு இறங்கியதும் எங்கள் ஊரான பட்டினத்துக் கரையின் ஈர மணலில் நானே நடந்து பார்ப்பேன். தடம் கோணலாக விழும். பெரிய நரம்பு வியாதிதான் என்று உள்ளுக்குள் வெந்துபோவேன்.

ஒருநாள் மீன் எடுக்க வந்த என் மனைவி பார்த்துவிட்டாள்.

"ராவெல்லாம் அலையில ஆடிட்டு வந்து, எறங்குன ஒடனே நடந்தா யாரு காலுங்க நேராப் போவும்? கூட வந்த எந்தம்பி தடத்தப் பாருங்க, ஒங்களுதவிட கோணல்!"

உண்மைதான். பயத்தில் கடலையே மறந்திருந்தேன்.

பயம் முழுதாகப் போகவில்லை. இன்னமும் நடந்து பார்க்கிறேன். இப்போது அவளும் மீன்கூடையோடு பக்கத்தில் நடக்கிறாள். திரும்பிப் பார்த்தால், கூடையின் கனத்தில் அவள் தடமும் கோணல்தான்.