தானாக அடித்த ஹோர்ன்

எஞ்சினை இறக்கிச் செய்து முடித்து, வவுனியாவிலிருந்து லொறியை ஓட்டிக்கொண்டு வந்த அன்றே அது முரண்டு பிடிக்கத் தொடங்கிவிட்டது. ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்ராட் பண்ணினால் ஒரு முனகல்தான் வரும். ஹெட்லைற்றைப் போட்டால் சம்பந்தமில்லாத சிவப்பு வெளிச்சங்கள் டாஷ்போட்டில் மங்கலாக எரிந்தன. பற்றறிகளோ புதியவை.

இரணைமடு வாய்க்கால் பாயும் பக்கத்தில் எங்கள் வீடு. நான், என் மனைவி, அண்ணி மூவரும்தான் இருக்கிறோம். லொறி அண்ணனுடையது. சண்டையின் கடைசி இடப்பெயர்வில் எங்களையும் அயல் சனத்தையும் அதில் ஏற்றிக்கொண்டு அவர் கடற்கரைப் பக்கம் போனார். இனி லொறி போகப் பாதை இல்லை என்றான இடத்தில் நிறுத்தி, தண்ணீர் பார்த்து வருகிறேன் என்று பிளாஸ்ரிக் கானைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை. முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, கைவிடப்பட்ட வாகனங்களைக் குவித்து வைத்திருந்த வெளியொன்றில் அண்ணிதான் லொறியை அடையாளம் கண்டார். ரயர்கள் எரிந்து, கண்ணாடி ஒன்றும் இல்லாமல் நின்றது. அதை மீட்டுத் திருத்தி, அன்றிலிருந்து நான்தான் நெல் ஏற்றுகிறேன்.

எஞ்சின் வேலை முடிந்து சில நாட்கள் போயிருக்கும். பொழுது படுகிற நேரம். லொறி முற்றத்தில் நிற்கிறது, அதை ஸ்ராட் பண்ணும் திறப்பு என் சட்டைப் பையில். ஹோர்ன் அடித்தது. சின்னதாக ஒரு சத்தம், பிறகு இன்னொன்று.

குசினியிலிருந்து அண்ணி ஈரக் கையோடு வெளியே வந்தார். அவர் லொறியைப் பார்க்கவில்லை. படலையைப் பார்த்தார். அண்ணன் வேலை முடிந்து வரும்போது வாய்க்கால் பாலத்தில் அப்படித்தான் இரண்டு தரம் அடிப்பார். அதைக் கேட்டுத்தான் அண்ணி சோறு போடுவார்.

"தம்பி, நீங்களோ அடிச்சனீங்கள்?"

"இல்லை அண்ணி."

அவர் போய்ப் படலையைத் திறந்துவிட்டு, இருட்டும் வரை அதிலேயே நின்றார்.

மறுநாளும் அதே நேரம் அடித்தது. அதற்கு அடுத்த நாளும் அடித்தது. பகலில் இல்லை, ஓடும்போது இல்லை. என் மனைவி லொறியின் நெற்றியில் விபூதி பூசினாள். வயர்க் கோளாறு என்று அவளுக்குச் சொல்லிவிட்டேனே தவிர, அந்த நேரத்தில் நானும் லொறிக்குக் கிட்டப் போகவில்லை. ஒருநாள் பின்னேரம் பற்றறியைக் கழற்றி வைக்கப் போனேன்.

"கழட்டாதேங்கோ தம்பி," என்றார் அண்ணி. பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. நான் கழற்றவில்லை.

ஆனால் நெல் ஏற்ற வேண்டியிருந்தது. மாங்குளத்திலிருந்து வாகன வயர் வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டேன். அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். இங்கே பிறந்தும் அவருடைய பேச்சில் அந்தச் சாயல் இருந்தது. மீற்றரின் ஒரு முனையை எஞ்சினிலும் மற்றதைப் பற்றறியிலும் பிடித்துக்கொண்டு என்னை ஸ்ராட் பண்ணச் சொன்னார். பிறகு கீழே குனிந்து பார்த்தார்.

"எஞ்சினுக்கும் சேசிக்கும் நடுவுல ஒரு மொத்தமான வயர் இருக்கணும் அண்ணே. எஞ்சினை ஏத்தினவங்க பூட்ட மறந்துட்டாங்க. கரண்டு திரும்பிப் போக வழியில்லாம கிடைச்ச பக்கமெல்லாம் ஓடுது."

துருவைச் சுரண்டி ஒரு தடித்த வயரைப் பூட்டினார். லொறி உடனே ஸ்ராட் ஆனது. சிவப்பு வெளிச்சங்களும் போய்விட்டன.

"அப்ப ஹோர்னும் சரியோ?"

"அது வேறண்ணே. ஹோர்ன் வயர் தகட்டுல பட்டா போதும், திறப்பு இல்லாமலே அடிக்கும். வெயில்ல விரிஞ்ச தகடு பொழுதுபடச் சுருங்குமில்ல, அப்ப எங்கயோ படுது."

பற்றறியைக் கழற்றிவிட்டு, ஸ்ரேறிங்குக்குக் கீழே இருந்த மூடியை எடுத்து வயரைத் தடவிக்கொண்டே போனார். நான் ரோச் வெளிச்சம் பிடித்தேன். எஞ்சினை இறக்கியபோது இழுபட்டு விலகிய வயர்க்கட்டில் ஒரு பழைய மூட்டு இருந்தது. கறுப்பு ரப்பரைச் சுற்றி நூலால் கட்டியிருந்தது. ரப்பர் உக்கி, செம்புக் கம்பி தகட்டின் விளிம்போடு ஒட்டி நின்றது.

"இது வயருக்குச் சுத்துற ரேப் இல்லண்ணே. சைக்கிள் ரியூப். சாமான்களுக்குத் தடை இருந்த காலத்துல யாரோ கட்டினது."

கிணற்றடியில் நின்ற அண்ணி வந்து மிதிபலகையில் ஏறினார். தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். விரலால் அந்த நூலைத் தொட்டார்.

"நான்தான் வெட்டிக் குடுத்தனான். என்ர சைக்கிள் ரியூப். நீளமா வெட்டு எண்டு சொன்னவர். நூலும் நான் தைக்கிற நூல்தான்."

வந்தவர் வயர் வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தார்.

"இதை வெட்டினா இனி அடிக்காதோ?" என்று அண்ணி அவரிடம் கேட்டார்.

"அமுக்கினா அடிக்கும் அக்கா. தானா அடிக்காது."

பொழுது பட்டுக்கொண்டிருந்தது. பற்றறி கழற்றிக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தும், அண்ணியின் முகம் அவ்வளவு கிட்ட இருக்கும்போது ஹோர்ன் அடித்துவிடுமோ என்று பற்றறிப் பக்கம் இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தேன்.

"வெட்டுங்கோ," என்றார் அண்ணி கடைசியில். "நெருப்புப் பத்தினா லொறியும் இல்லாமப் போயிடும்."

அவர் வெட்டி எடுத்த துண்டை அண்ணி கையை நீட்டி வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார். அதை என்ன செய்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

பிறகு ஹோர்ன் தானாக அடிக்கவில்லை. அண்ணி கொஞ்ச நாட்கள் அதே நேரத்துக்குப் படலையடிக்குப் போய் வந்தார். அந்த நேரங்களில் வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. என் மனைவி றேடியோவை நிறுத்திவிடுவாள். ஒன்றும் கேட்காத அந்த அமைதி, ஹோர்ன் அடித்த நாட்களைவிடப் பொல்லாததாக இருந்தது.

அறுவடை தொடங்கி வவுனியா ஆலைக்கு முதல் நெல் ஏற்றிய காலையில், அண்ணி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"நானும் வாறன் தம்பி."

கடற்கரையில் இறங்கிய பிறகு அவர் அந்த லொறியில் ஏறியதில்லை. நான் கதவைத் திறந்துவிட்டேன். ஏறியவர் கதவோடு ஒடுங்கி உட்கார்ந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஓராள் இருக்க இடம் கிடந்தது. "வசதியா இருங்கோ அண்ணி," என்றேன். "எனக்கு இவ்வளவு இடம் காணும்," என்றார். மாங்குளம் தாண்டுவதற்குள் நித்திரையாகிவிட்டார். ஆலையில் கடைசி மூட்டையை இறக்கி முடிக்கும் வரை நான் அவரை எழுப்பவில்லை.