எட்டு தங்காத கை

என் பேரன் போனில் மாஜோங் என்கிற சீனக் காய் ஆட்டம் விளையாடுகிறானாம். எட்டிப் பார்த்தேன். தன்னந்தனியாக உட்கார்ந்துகொண்டு, ஒரே மாதிரி இரண்டு காய்களைத் தொட்டுத் தொட்டு மறைய வைத்துக்கொண்டிருந்தான். இது மாஜோங் இல்லடா, பாத்திரம் துலக்குகிற வேலை என்றேன். யுனிவர்சிட்டியில் படிக்கிற பிள்ளை, சிரித்தான். நான் படித்தது சொற்பம். ஆனால் லண்டனில் கோலியர்ஸ் வுட்டிலும் நோர்பரியிலும் நிற்கிற மூன்று கடைகளையும் யாரும் எனக்குச் சீதனமாகத் தரவில்லை. எல்லாம் இந்தத் தலைக்குள் இருக்கிற சரக்கு. பத்து வயதிலேயே அது இருந்தது என்பதற்கு ஒரு மாஜோங் மேஜையே சாட்சி.

ஈப்போவிலிருந்து லண்டனுக்கு வந்த புதிது. அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான என் அத்தை, நான். கீழே ஹாங்காங்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. மேலே இரண்டு அறையில் நாங்கள். எண்ணெய்ப் புகை படிக்கட்டு ஏறி வரும், ஆனால் குளிருக்கு அந்தப் புகையும் கதகதப்புதான். மலேசியப் பழக்கத்தில் சீன முதலாளி யாராக இருந்தாலும் எங்களுக்கு 'தவுக்கே'. அவர் மனைவி தவுக்கே அம்மா. கடையில் தவுக்கே பேச்சு எடுபடும். வீட்டில் அந்த அம்மா வைத்ததுதான் சட்டம்.

ஒருநாள் தவுக்கே மேலே வந்து, ஹாங்காங்கிலிருந்து தன் தங்கை மகன் வரப்போகிறான், அறைகள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். நம் நிறத்துக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். அம்மா அழுதாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார். அத்தை மட்டும் கீழே இறங்கிப் போனாள். ஈப்போச் சந்தையில் வளர்ந்தவள், சீனம் தண்ணீர்பட்ட பாடு. திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கீழே மாஜோங்குக்கு நாலாவது கை இல்லையாம், நான் உட்காரப்போகிறேன் என்றாள்.

அத்தைக்குத் தெரிந்தது எங்கள் ஊர் ஆட்டம். அதில் மூன்று பேர் போதும். பூனைக் காய், எலிக் காய் எல்லாம் உண்டு. இரண்டும் ஒரு கையில் சேர்ந்தால் பூனை எலியைப் பிடித்ததென்று உடனே கணக்கு. முதல் நாள் அத்தை பூனையைத் தேட, மேஜையே சிரித்தது. ஹாங்காங் ஆட்டத்தில் பூனையும் இல்லை, எலியும் இல்லை. நாலு பேர் நாலு திசைக்கு உட்கார வேண்டும். ஒரே காய் இரண்டு நம் கையில் இருந்து, மூன்றாவதை யாராவது கழித்துப் போட்டால் 'போங்' என்று கூவி எடுத்துக்கொள்ளலாம்.

அத்தை வாராவாரம் தோற்றாள். காரணம் எனக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. எட்டு! சீனருக்கு எட்டு என்றால் அதிர்ஷ்டம். நமக்கு எட்டு சனீஸ்வரன் எண். அத்தை கைக்கு எட்டு எண் போட்ட எந்தக் காய் வந்தாலும், நெருப்பைத் தொட்டதுபோல நடுவில் வீசிவிடுவாள். தவுக்கே அம்மா 'போங்' என்று தொடையில் தட்டி அள்ளிக்கொள்வாள். விளையாடியது வெறும் பிளாஸ்டிக் வில்லைக்குத்தான். ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. ஏன் அத்தை இப்படி என்றால், "சனியனைக் கையில வச்சிக்கிட்டு யாராச்சும் உக்காருவாங்களா லா?" என்பாள். அன்று இரவு கீழேயிருந்து எங்களுக்குப் பொரித்த சோறு வரும். தங்கை மகன் பேச்சு வராது. சோறு ருசியாக இருந்தது, அவமானத்தோடேயே தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

ஒரு ஞாயிறு அத்தைக்குக் காய்ச்சல். நான் உட்காருகிறேன் என்றேன். கடையின் பின்பக்கத்து அட்டைப்பெட்டிகளைப் பார்த்தே சீன எண் ஒன்பதும் கற்று வைத்திருந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் என்னைக் கடைசி வரிசையில் வைத்த டீச்சருக்கு இது தெரியாது. எனக்குத் தெற்கு இடம் விழுந்தது. வாசலில் நின்ற அம்மா, எமன் திசை, எழுந்திரு என்று கண்ணைக் காட்டினாள். மாஜோங்கில் தெற்கும் வடக்கும் இடம் மாறி இருக்கும், இது நம் வடக்குதான் என்று தமிழில் அதட்டினேன். பூகோளத்தில் முட்டை வாங்கியவள் சொன்ன விளக்கம் அது!

காய்களில் திசைக் காய்களும் உண்டு. முதல் சுற்றிலேயே தவுக்கே மேற்குக் காயைக் கழித்தார். அடுத்து அந்த அம்மாவின் அண்ணன், அவர்தான் கடைச் சமையல்காரர், அவரும் மேற்கு. தவுக்கே அம்மாவும் மேற்கு. நாலாவது மேற்கு என் கையில். நமக்குத் தெற்கு எப்படியோ அவர்களுக்கு மேற்கு அப்படி. நாலு பேரும் வரிசையாக மேற்கைப் போட்டால் நாலு பேருக்கும் பயணச்சீட்டு என்று அர்த்தம். சமையல்காரர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பயந்துவிட்டார்கள் என்று நினைத்து, மேஜை அதிர அறைந்து வைத்தேன்.

அதன்பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்தேன். கடைசியில் என் கை முழுக்க வட்டம் போட்ட ஒரே இனக் காய்கள், நடுவில் மூன்று எட்டு. விரித்து வைத்தபோது தவுக்கே அம்மா அந்த எட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

ஒரே ஓட்டமாக மேலே ஓடி அத்தையிடம் சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எட்டு யார்கிட்டம்மா போச்சு?"

"எல்லாம் என்கிட்டதான் அத்தை. ஒண்ணுகூட விடல."

அத்தை போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டாள். காய்ச்சல் கூடிவிட்டதென்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

அன்று இரவு சோறு வரவில்லை. செவ்வாய்க்கிழமை தவுக்கே வந்தார். தங்கை மகன் டிக்கெட் போட்டாயிற்று, மாசக் கடைசிக்குள் அறை காலியாக வேண்டும் என்றார். அம்மா பெட்டியை இறக்கினாள். தோற்றதில் வயிற்றெரிச்சல், மனிதர்களா இவர்கள் என்று நான் பொருமினேன்.

அடுத்த ஞாயிறு அத்தை எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கீழே போனாள். என்னைக் கூடவே வரக் கூடாது என்றுவிட்டாள். படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன். போங் என்றது தவுக்கே அம்மாவின் குரல். கொஞ்ச நேரத்தில் இன்னொரு போங். தொடையில் தட்டுகிற சத்தம், சிரிப்பு. என் அத்தையின் முட்டாள்தனத்தை நினைத்து அங்கேயே அழுதேன். இரவு பொரித்த சோறு வந்தது, அன்று கூடவே ஒரு வாத்தும். தங்கை மகனுக்கு மான்செஸ்டரில் இடம் கிடைத்துவிட்டதாம். நான் கல்யாணமாகிப் போனதும் அந்த இரண்டு அறையிலிருந்துதான்.

அத்தைக்கு சனி பயம், எனக்கு மூளை என்று வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தைக்குக் கிளாப்பம் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. காலையில் நான்தான் அவளோடு பஸ் ஸ்டாப் வரை போவேன், நான்தான் கையை நீட்டி பஸ்ஸை நிறுத்துவேன். சனியன் எண்ணைக் கையால் தொடமாட்டேன் என்ற என் அத்தை, வருஷக்கணக்காக எனக்கு டாட்டா காட்டிவிட்டு ஏறிப் போனது எண்பத்தெட்டாம் நம்பர் பஸ்ஸில்.