தூணுக்குப் பின்னால் ஒரு கொயர்

எங்கள் லிங்கராஜபுரம் மாதா கோவிலில் ஞாயிறு பூசையை நேரலையில் காட்ட ஆரம்பித்ததிலிருந்து கொயர் பெண்களுக்குள் ஓயாத இடச்சண்டை. எல்லாருக்கும் தூணுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். கேமரா பக்கவாட்டில் இருக்கிறது. பக்கவாட்டில் என் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே நிம்மதியாக இருந்தேன். இந்த நேரலை காட்டித் தொலைத்தது.

பதிலுரைப் பாடலை மட்டும் ஒருத்தி தனியாக மைக் முன்னால் போய்ப் பாடியாக வேண்டும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நான். வீட்டுக்கு வந்ததும் வீடியோவைத் திறந்தேன், சத்தத்தை அணைத்துவிட்டு. அம்மாவுக்குக் கேட்டால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். உச்ச சுரத்தில் வாயை ஆவென்று திறந்திருக்கிறேன், கீழே இரண்டாவது தாடை. அந்த இடத்திலேயே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். போதாததற்கு ஒரு தூரத்து அத்தை, "கண்ணு, சொல்ப வெயிட் போட்டுட்டியா?" என்று பாதிக் கன்னடத்தில் கமெண்டில் கேட்டு, கும்பிடும் கை வேறு போட்டிருந்தாள். யாரைக் கும்பிடுகிறாள்?

அடுத்த வாரமும் பாடச் சொல்லி கொயர் மாஸ்டர் போன் செய்தார். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அடுத்த பெண்ணைக் கேட்டார். அவளுக்கும் கட்டியிருந்ததாம். சாயங்காலத்துக்குள் கொயரில் ஒரு தொண்டை பாக்கியில்லை. கடைசியில் அவரே பாடினார். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். அவருக்கு எங்களைவிடப் பெரிய தாடை, தொப்பை வேறு. மனிதர் அந்த வீடியோவைப் பெருமையாக ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டார்!

அந்த எரிச்சலோடு மறுநாள் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆபீஸ் கேபில் போகும்போது, என் வீடியோவை எடுத்துவிடச் சொல்லலாமென்று திறந்தேன். காதில் இயர்போன் இருந்தது. அப்போதுதான் முதல் முறையாக என் பாட்டைக் கேட்டேன். அந்த உச்ச சுரம் துளிகூடப் பிசகாமல் நிற்கிறது. வாயை அப்படித் திறக்காமல் அதை எப்படிப் பாடுவதாம்? ஒரு வாரமாக அந்த முகத்தைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். பாவம், அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

உடனே மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

"அங்கிள், தொண்ட சரியாயிடுச்சு. வர்ற ஞாயித்துக்கெழம நான் பாடுறேன்."

"அய்யோ, இப்பதாம்மா இன்னொரு பொண்ணு போன் பண்ணி இதையே சொல்லிச்சு. அதுக்குக் குடுத்துட்டேனே."

மேம்பாலத்தில் கேப் நகராமல் நின்றது. இத்தனை நாள் தாடையைப் பார்த்து வராத அழுகை, பாட்டு கைவிட்டுப் போனதும் பொத்துக்கொண்டு வந்தது.