பெரியவள்

காலையில் பல் தேய்க்கும் முன்பே அப்பா வேனுக்கு அடியிலிருந்து அட்டைகளை உருவுவார். முந்தின நாள் வேலை முடிந்து நிறுத்தியதும், என்ஜினுக்குக் கீழேயும் சக்கரங்களின் ஓரத்திலும் விரித்து வைத்த பெட்டி அட்டைகள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கறுப்புச் சொட்டு என்றால் என்ஜின் ஆயில், பச்சை என்றால் ரேடியேட்டர் தண்ணீர். எதுவும் இல்லையென்றால், "பெரியவ நல்லாத் தூங்கியிருக்கா" என்பார்.

பெரியவள் என்பது வேன்தான். பிளம்பர் வேலைக்காக அதை வாங்கிய பிறகு மகள் பிறந்தாள். அதனால் வீட்டின் ஒரே பிள்ளை சின்னவள் ஆகிப்போனாள். பள்ளியில் சேர்த்த நாளில், கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார்கள். "ஒரு அக்கா. வெளியில நிக்கிறா" என்றாள். ஆசிரியை வாசல்வரை போய்த் தேடிவிட்டு வந்தார்.

அக்காவின் வயிற்றுக்குள் சின்னவள் நிறையத் தூங்கியிருக்கிறாள். குழாய்களுக்கு நடுவே சாக்கில் படுத்தால், ஜன்னல் காற்று ஒவ்வொரு குழாய் வாயிலும் ஒவ்வொரு குரலில் ஊதும். வேன் அப்படியே நிற்பதாகவும், ஊர்தான் அடியில் ஓடிக்கொண்டிருப்பதாகவும் தோன்றும்.

அம்மாவுக்கும் அந்த ஆசை இருந்தது. "ஒரு நாள் நானும் பின்னாடி படுத்துட்டு வரேங்க. ஏரி வரைக்கும்."

"இந்த இரும்புக்கு நடுவுலயா? லோடு இறங்கட்டும், மெத்தை போட்டே கூட்டிட்டுப் போறேன், மகாராணி."

லோடு இறங்கவே இல்லை. ஒரு வேலை முடிவதற்குள் அடுத்த வேலைக்கான குழாய் ஏறிவிடும்.

சின்னவள் ஸ்டியரிங்கைத் தொட்டால், "முதல்ல பட்டம் வாங்கு, அப்புறம் பார்க்கலாம்" என்பார். பட்டம் வந்தது. அப்புறம் அவள் கேட்கவில்லை. படித்த பெண்ணுக்கு வேன் எதற்கு என்று நினைத்தது அப்பாவா, தானா? அவளுக்கே விளங்கவில்லை.

அப்பா போய்ச் சில மாதங்களாகின்றன. வேனை விற்றுவிட அம்மா முடிவெடுத்தாள். சோபா தைக்கிறவர் ஒருவர் இன்று பார்க்க வருவதாகப் பேச்சு. நின்றே கிடக்கும் வேனுக்கு அடியிலும் அட்டை வைப்பதைச் சின்னவள் விடவில்லை. இன்று காலை உருவியபோது பின்சக்கரத்து அட்டையில் ஈரம். தொட்டாள், வழுக்கியது. தண்ணீர் இப்படி வழுக்காது. பிரேக் ஆயில்.

அவளுக்குள் ஒரு கள்ளச் சந்தோஷம். இதைக் காட்டினால் மனிதர் வந்த வழியே போய்விடுவார். அக்கா வீட்டிலேயே இருப்பாள்.

தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு அவர் வந்து நின்றதுமே, அட்டையை மூக்குக்கு நேரே நீட்டினாள். "பிரேக் ஆயில் ஒழுகுது, பாருங்க."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி?" அம்மா பல்லைக் கடித்தாள்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை யாரும்மா அடியில வச்சது?"

"நான்தான். அப்பா தினமும் வைப்பார்."

"நின்ன வண்டில பிரேக் ரப்பர் காயத்தான் செய்யும், அது கிடக்கட்டும். சொட்டுச் சொட்டாப் பார்த்து வளர்த்த வண்டி எங்க கிடைக்கும்? வேற யாருக்கும் குடுத்துடாதீங்கம்மா. நாளைக்கு மெக்கானிக்கோட வந்து, பிரேக்கைச் சரி பண்ணி எடுத்துக்கறேன்."

விரட்டுவதற்கு நீட்டிய அட்டையே வேனைக் கைப்பிடித்துக் கொடுத்துவிட்டது.

"மூத்தவளுக்கு நல்ல இடம் அமைஞ்சிடுச்சு" என்றாள் அம்மா. "இனிமே பஞ்சுதான் சுமப்பா. குடுத்து வச்சவ."

மத்தியானம் இருவரும் குழாய்களை இறக்கிச் சுவரில் சாய்த்தார்கள். வேன் இவ்வளவு பெரியதா என்று இருந்தது. அம்மா உள்ளே போய் மெத்தையைத் தூக்கி வந்து விரித்தாள். பின்கதவுகளைத் திறந்தபடியே படுத்துக்கொண்டார்கள். காற்று வந்தது, ஊதுவதற்குக் குழாய்தான் இல்லை.

"லோடு இறங்கியாச்சு. மெத்தையும் போட்டாச்சு" என்றாள் அம்மா, கூரையைப் பார்த்தபடி. "ஏரி வரைக்கும்னு சொன்ன மனுஷனைத்தான் காணோம்."

சின்னவள் தலையைத் திருப்பி டிரைவர் சீட்டைப் பார்த்தாள். திறந்த கதவுக்கு வெளியே ஒரு மேகம் மட்டும் ஏரிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.