உள்சுவரில் 41.8 டிகிரி

இது நடந்தது. என் தம்பி வைரவனுக்கு, போன வருடம் ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, பட்டப்பகலில், ஷார்ஜாவில் நடந்தது. எங்கள் வீட்டில் பொய் சொல்லிப் பிழைத்தவர் யாரும் கிடையாது. எங்கள் அப்பா சர்வேயராக இருந்தவர்; கூடப் பிறந்த அண்ணனுக்காகக்கூட ஒரு வரப்பை நகர்த்தி எழுதாதவர். அந்த வீட்டுப் பிள்ளை சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுகிறேன். இதில் வரும் இன்னொருவருடைய குடும்பத்தாரிடமும் கேட்டுவிட்டேன். பெயரை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நம்ப மனமில்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வைரவனுக்கு ஜெபல் அலிப் பக்கம் ஒரு பிளாக் கம்பெனியில் வேலை. வீட்டுக்குள் வெயிலை விடாமல் தடுக்கிற கல் செய்கிற இடம். முன்னும் பின்னும் சிமெண்ட், நடுவில் தெர்மோகோல் பலகை. தெர்மல் பிளாக் என்பார்கள். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஆறு கல் எடுத்து, அளந்து, எடை போட்டு, லேப் மெஷினில் நசுக்கிப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவது அவன் பொறுப்பு. பதினோரு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தான். அவன் கையெழுத்து இல்லாமல் ஒரு லாரியும் கேட்டைத் தாண்டாது.

ஷார்ஜாவில் முவைலாவுக்கு அப்பால் ஒரு புது வில்லா. அதற்கு இரட்டைச் சுவர். வெளிச்சுவர் சாதாக் கல். நாலு விரல் இடைவெளி விட்டு, உள்சுவர் இவர்கள் கம்பெனிக் கல். வீடு முடிந்து சாவி கொடுக்கும் நேரத்தில் புகார் வந்தது. கீழே ஓர் அறையில் ஒரே ஒரு சுவர், அதுவும் ஓர் இடத்தில் மட்டும், மத்தியானத்தில் கை வைத்தால் சுடுகிறது. ஏசி மெக்கானிக்குகள் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஏசியில் குறை இல்லை. அப்படியானால் கல்லில் குறை. கல்லில் குறை என்றால் வைரவன் போட்டது கள்ளக் கையெழுத்து.

அன்று காலை மேனேஜர் ஸ்ரீனிவாசன் அவனைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"ரெண்டே வழிதான் வைரவன். ஒண்ணு, டெஸ்ட் பண்ணாம கையெழுத்துப் போட்டேன்னு ஒத்துக்கோ. விசாவ கேன்சல் அடிச்சு ஊருக்கு அனுப்பிடுவாங்க. கேஸ் வந்தா அது உன் பாடு. இல்லாட்டி கொத்தனார் மேல எழுது. கல் வைக்கும்போது தெர்மோகோல் மேல கலவைய இழுத்து விட்டுட்டான், அது வழியா சூடு இறங்குதுன்னு."

"சுவர ஒடைக்காம அதை எப்படி சார் சொல்றது?"

"ஒடைக்கிற பேச்சே வேண்டாம்னுட்டான் வீட்டு ஓனர். கொத்தனார் பேரு முத்துராமன். விசாரிச்சுட்டேன். ஆளு போன வருஷமே லேபர் கேம்ப் ரூம்ல தூக்கத்துலயே போயிட்டானாம். அவன் பேரை எழுதினா யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது. கேமரா எடுத்துட்டுப் போ, நாலு போட்டோ எடு. மூணு மணிக்குள்ள ரிப்போர்ட் வரணும். கலாஸ், அவ்வளவுதான்."

முந்தின இரவு அவன் மனைவி நாகவள்ளியும் போனில் அதைத்தான் சொல்லியிருந்தாள். "எதையோ எழுதிக் குடுத்துட்டு வேலையக் காப்பாத்திக்கங்க. ராதிகாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்கு." அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். என்னிடம் அவன் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும்.

கம்பெனி வேன் அவனை வில்லா வாசலில் இறக்கிவிட்டபோது மணி 12.35. மூன்றரைக்குத்தான் திரும்ப வரும். வெளியே நாற்பத்தேழு டிகிரி. கோடையில் பன்னிரண்டரை முதல் மூன்று வரை வெயிலில் யாரும் வேலை செய்யக்கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் அந்தத் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. காவலுக்கு இருந்த செய்கு முகம்மது கீழக்கரைக்காரர். கதவைத் திறந்துவிட்டார்.

"இந்த ரூமுதான் தம்பி. மத்த ரூமெல்லாம் ஐஸ் மாதிரி இருக்கும். இங்க மட்டும் ஒரு பொழுக்கம். நான் கேட் ரூம்ல இருக்கேன்."

"கூட இருங்களேன் பாய்."

"தொழுகணும் தம்பி. முடிச்சிட்டு வர்றேன்."

அறை காலியாக இருந்தது. வெள்ளைப் பூச்சு. புது டைல்ஸ். ஏசி இருபத்துநாலில் ஓடிக்கொண்டிருந்தது. வைரவன் தெர்மல் கேமராவை எடுத்தான். சூடான இடம் சிவப்பாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் தெரிகிற கருவி அது. சுவருக்கு நேராகப் பிடித்தான். எல்லாம் நீலம். 25 டிகிரி. தரைக்கு மேல் ஓரிடத்தில் மட்டும் சிவப்பு.

36.8.

மணி 12.40. நோட்டில் குறித்துக்கொண்டான். அவனுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. கல் மட்டமென்றால் சுவர் முழுக்கச் சுட வேண்டும். இது ஓரிடம்தான். அப்படியானால் கொத்தனார் வேலைதான் கெட்டிருக்கிறது, நாம் எழுதப்போவது உண்மைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

1.10க்கு மறுபடி பார்த்தான். 37.9. வெயில் ஏறினால் சூடு ஏறும். சரிதான். ஆனால் அந்தச் சுவர் வடக்குப் பார்த்த சுவர். அதில் வெயிலே விழாது. அது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

1.25. சத்தம் கேட்டது.

டொக்... டொக்... டொக்.

பிறகு, சரக்கென்று ஓர் இழுப்பு.

கல்லை வைத்து, கரண்டிப் பிடியால் மூன்று தட்டு தட்டி, பிதுங்கிய கலவையை வழிக்கிற சத்தம். பதினோரு வருடமாகக் கல்லோடு கிடப்பவனுக்கு அது தெரியாதா. பக்கத்து மனையில் வேலை நடக்கிறது என்று நினைத்தான். ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தான். பக்கத்து மனை வெறும் மணல். ஒரு காக்காய்கூட இல்லை.

டொக்... டொக்... டொக். சரக்.

சுவரில் காதை வைத்தான். உடனே எடுத்துவிட்டான். சுவர் சுட்டது என்பதற்காக இல்லை. காய்ச்சல்காரன் முதுகில் காதை வைத்த மாதிரி இருந்தது.

1.40. நோட்டில் 39.2 என்று எழுதினான். இதுவரை பக்கத்தில் நின்றே படம் எடுத்திருந்தான். முழுச் சுவரும் தெரிய வேண்டும் என்று வாசற்படி வரை பின்னால் போய்க் கேமராவைத் தூக்கினான்.

வெறும் சிவப்புத் திட்டு இல்லை அது.

தலை. தோள். மடக்கிய முழங்கால்கள். சுவருக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். முதுகைத் தெருப் பக்கம் சாய்த்து, முகத்தை அறைப் பக்கம் வைத்து. தலை ஒருபுறமாகத் தொங்கியிருந்தது.

கேமராவைத் தாழ்த்தினான். வெள்ளைப் பூச்சு. ஒன்றும் இல்லை.

தூக்கினான். இருந்தது.

ஓடியிருப்பான். ஓடாததற்குக் காரணம் தைரியம் இல்லை. வெறும் கையோடு போனால் அவன் கள்ளக் கையெழுத்துக்காரன். மகள் படிப்பு நிற்கும். ஊரில் எங்கள் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். வாசற்படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். எழுதி அனுப்பிவிட்டு வெளியே போய்விடலாம்.

2.15. 40.6.

சத்தம் நிற்கவில்லை. டொக்... டொக்... டொக். சரக்.

போன் அடித்தது. ஸ்ரீனிவாசன்.

"என்னய்யா, ஆச்சா?"

"எழுதிட்டு இருக்கேன் சார்."

"அங்க என்ன தட்டுற சத்தம்?"

வைரவன் போனை வைத்துவிட்டான்.

எழுதினான். 'கொத்தனார் முத்துராமன் கவனமின்றிக் கல் வைத்ததால்...'

சத்தம் நின்றது.

அறையில் ஏசி சத்தம்கூட இல்லாதது போல் இருந்தது. கேமராவை எடுக்கக்கூடாது என்று நினைத்தான். எடுத்தான்.

தொங்கியிருந்த தலை நிமிர்ந்திருந்தது.

அவனைப் பார்த்து.

2.40. 41.7. எண்ணைப் படித்துவிட்டு லேப்டாப்பைப் பார்த்தான். அனுப்ப ஒரு விரல் போதும். மறுபடி கேமராவைப் பார்த்தான்.

எழுந்து நின்றிருந்தது.

ஒரு கை சுவரில் பதிந்திருந்தது. உள்பக்கமிருந்து. ஐந்து விரலும் தனித்தனியாக... சிவப்பாக...

கை நகர்ந்தது.

வாசல் பக்கமாக.

அவன் பக்கமாக.

"எழுதல," என்றான் வைரவன். மறுபடி சொன்னான். "உங்க வேலைய நான் பாக்கல. பாக்காம உங்க பேரை எழுத மாட்டேன்."

எழுதியதை அழித்தான். புதிதாக நாலு வரி அடித்தான். கல் நல்ல கல், அதற்கு என் கையெழுத்து நிற்கும். கொத்தனார் வேலையைக் கண்ணால் பார்க்காமல் குறை சொல்ல முடியாது. சுவரைத் திறந்து பார்க்க வேண்டும். ஸ்ரீனிவாசனுக்கு மட்டும் அனுப்பினால் அமுக்கிவிடுவார் என்று வீட்டு ஓனருக்கும் சேர்த்து அனுப்பினான்.

2.50.

கேமராவில் 41.8.

பிறகு 36. பிறகு 30. பிறகு 25.

சுவர் முழுக்க நீலம்.

வைரவன் எப்படி கேட்டுக்கு வந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. செய்கு முகம்மதுதான் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்து, வேன் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலையே டூட்டிக்கு வர வேண்டாம் என்று ஸ்ரீனிவாசன் சொல்லிவிட்டார். நாலு நாள் ரூமில் கிடந்தான். சோறு இறங்கவில்லை. மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு, பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை, முதுகைச் சுவரில் சாய்க்கப் பயந்து கட்டில் நடுவில் உட்கார்ந்திருந்தான். என்னிடம் போனில் ஒன்றே ஒன்று கேட்டான். "அண்ணே, நான் செஞ்சது சரிதான?" அப்போது எனக்கு எதுவும் தெரியாது. கையெழுத்து உன்னுடையது என்றால் சரிதான் என்றேன்.

ஐந்தாம் நாள் வீட்டு ஓனர் இறங்கிவந்தார். சுவரைத் திறந்து பார்க்கலாம், கல் சரியாக இருந்தால் உன்னை விட்டுவிடச் சொல்கிறேன் என்றார். சாயங்காலம் நாலு மணி. கட்டட கான்ட்ராக்டர் அனுப்பிய கொத்தனார் அருள்முருகன், திண்டிவனம் பக்கத்துக்காரர், சுத்தியலோடு வந்தார். சூடிருந்த இடத்தில் பூச்சைக் கொத்தினார். ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து எடுத்தார்.

கல்லில் ஒரு கீறல் இல்லை. தெர்மோகோல் முழுசாக இருந்தது. இணைப்புகளையும் பார்த்தார்கள். இரண்டு ஓரத்துச் சிமெண்ட் மேல் மட்டும் கலவை. நடுவில் தெர்மோகோலோடு தெர்மோகோல் ஒட்டி உட்கார்ந்திருந்தது. ஒரு துளி கலவை தவறி விழவில்லை. அப்படிக் கட்டின சுவரைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றான் தம்பி. இடைவெளிக்குள் கை விட்டுத் துழாவினார்கள். தூசிதான் இருந்தது. ஓனர் அங்கேயே ஸ்ரீனிவாசனுக்குப் போன் போட்டார். நாளை டூட்டிக்கு வா என்று பதில் வந்தது. தம்பியின் பெயர் தப்பியது.

வைரவன் திரும்பிப் பார்த்தால், அருள்முருகன் பெயர்த்த கல் ஒன்றைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றிருந்தார்.

"என்ன அண்ணே?"

"இது முத்து அண்ணன் கை சார்."

"ஆமா, முத்துராமன் கட்டின சுவருதான? கம்பெனில அப்படித்தான் சொன்னாங்க."

"எடது கைக்காரரு. கலவைய இந்தப் பக்கமா இழுத்து வழிப்பாரு. பாருங்க, எல்லாக் கல்லுலயும் அப்படியே இருக்குது. எங்க செட்டுல எடது கை அவரு ஒருத்தருதான்." கல்லைக் கீழே வைத்தார். "வெளிச்சுவருதான் சார் அவரு கட்டுனது. இந்த உள்சுவரு கட்டும்போது அவரு இல்ல."

"இல்லன்னா?"

"பிரேக் நேரத்துல வெளிய தெரியாம இந்த ரூமுக்குள்ள வெச்சு வேல வாங்கினாங்க சார். போன வருஷம் ஜூலை. தல சுத்துதுன்னு இங்கதான் வெளிச்சுவத்துல சாஞ்சு ஒக்காந்தாரு. தொட்டேன், மேலு நெருப்பா கொதிச்சுது. ரெண்டு அம்பதுக்கு மூச்சு நின்னுபோச்சு. போர்மேனுக்குப் போன் பண்ணப்ப மணியப் பாத்தேன். கம்பெனி வண்டில தூக்கிட்டுப் போயி சோனாப்பூர் கேம்ப் ரூம்ல கட்டில்ல போட்டுட்டு, அதுக்கு அப்பறம்தான் போலீசுக்குச் சொன்னாங்க. தூக்கத்துல செத்தாருன்னு எழுதிக்கிட்டாங்க."

"அப்ப இந்தச் சுவர யாரு கட்டினது?"

"என்னத்தான் கட்டச் சொன்னாங்க. நாலு மணிக்கு அழுதுகிட்டே அந்த மூலையில ஆரம்பிச்சேன். இந்த எடத்துக்கு வந்தப்ப அஞ்சரை இருக்கும். ஒரு ஆளு ஒசரத்துக்கு ஏற்கெனவே கட்டியிருந்துச்சு. வேற யாரையோ விட்டு முடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்."

"யாரு?"

"அன்னிக்கு சைட்டுல கொத்தனாரு நாங்க ரெண்டு பேருதான் சார்." அருள்முருகன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நான் தொட்டுப் பாத்தேன். கலவை ஈரமா இருந்துச்சு."