முதலில் இறங்கியவன் கோமதிநாயகம் இல்லை

கோமதிநாயகம் தூக்கத்திலேயே போய்விட்டான் என்று அவன் மகன் பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்தபோது, நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காப்பிக்குக் காத்திருந்தேன். "மாத்திரை போட்டுட்டுப் படுத்தாங்க மாமா. காலைல எழுப்பப் போனா இல்ல" என்றான். எனக்கு முதலில் வாயில் வந்தது "அப்பாடா" என்ற சொல்தான். தப்பாக நினைக்காதீர்கள். ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் உட்காரத் தெரியாத மனுஷன் அவன். அவனை ஆறு மாதம் கட்டிலில் கிடத்தி, குழாய் சொருகி, ஆள் வைத்துத் திருப்பிப் போட்டிருந்தால் நான் கடவுளோடு சண்டைக்கே போயிருப்பேன். அந்த வம்பு எதுவும் இல்லாமல் போய்ச் சேர்ந்தான். அழுகை பிறகுதான் வந்தது.

அபுதாபியில் எங்களோடு இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் இப்போது எங்கெங்கோ இருக்கிறீர்கள். ஆனால் ஆப்பிரிக்கக் காட்டில் சிங்கத்துக்கு முன்னால் வண்டியை விட்டுக் குதித்த கோமதிநாயகத்தின் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். விருந்துக்கு விருந்து அதைச் சொல்லிச் சிரிக்கவைத்தவன் நான்தான். அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அவன் உயிரோடு இருக்கும்போதே திருத்தியிருக்க வேண்டும். எனக்கு வாய்தான் நீளம், தைரியம் குட்டை.

அவனைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். எழுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் டிராஃப்ட்ஸ்மேன், திருச்சிக்காரன், மனைவி சாரதாவோடும் மகள் மாலாவோடும் குடும்பமாக இருந்தேன். அவன் சர்வேயர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன், கல்யாணமாகாதவன். என்னைவிட நாலு வயது சின்னவன். ஆனாலும் என்னை அண்ணன் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "வே" தான். சாரதா மட்டும் அவனுக்கு மதினி.

வெள்ளிக்கிழமை லீவு என்றால் அவன் ஆபீஸ் லேண்ட்ரோவரை எடுத்துக்கொண்டு காலையிலேயே வாசலில் வந்து ஹாரன் அடிப்பான். முசஃபா பக்கம் அப்போது வெறும் உப்புத்தரையும் மணலும்தான். அங்கே எங்கேயாவது போய் வண்டியை மணலில் மாட்டவைக்காமல் அவன் திரும்பியது கிடையாது. மாட்டியதும் யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். ஆளுக்கொரு டூட்டி உண்டு. "யல்லா!" என்று கத்திக்கொண்டு முதலில் குதிப்பது அவன். சக்கரம் மணலில் புதையாமல் இருக்க நான் குத்தவைத்து டயரில் காற்றை இறக்குவேன். மாலா காலடியில் கிடக்கும் ரப்பர் மேட்டை இழுத்துக்கொண்டு போய்ப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுப்பாள். ஐந்து வயசில் அவளுக்கு அது பெரிய உத்தியோகம். வண்டி கிளம்பினால்தான் டீ. அது சாரதா போட்ட சட்டம்.

ஒரு வருஷம் அவன் புதுசாக ஒன்றை ஆரம்பித்தான். டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் ஆபீஸ் சுவரில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்கும். அதையே பார்த்துக்கொண்டு நின்றவன், "இந்த லீவுக்கு நைரோபி போயி, அங்கயிருந்து பம்பாய் போவோம்" என்றான். நம் ஆட்களுக்கு லீவு என்றால் ஊர்தான். டேப்ரெக்கார்டரும் நைலக்ஸ் சேலையும் கட்டிய பெட்டியோடு மீனம்பாக்கத்தில் இறங்காதவனை ஊர் மனுஷனாக மதிக்குமா? கேட்டவர்கள் எல்லோரும் எங்களைப் பைத்தியம் என்றார்கள். "லீவுன்னா ஊருக்குத்தான் போவணும்னு எந்தக் கஃபீல் எழுதி வச்சிருக்கான்?" என்று எங்களுக்கு விசா கொடுத்த அரபு முதலாளியையும் இழுத்து ஒரே போடாகப் போட்டான். அவன் பயம் வேறு. ஊரில் அவன் அம்மா ஐந்தாறு பெண் வீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். "பொண்ணு பாக்கப் போறதுக்குச் சிங்கம் பாக்கப் போறது பத்திரம் மதினி" என்று சொல்லிச் சொல்லியே சாரதாவைச் சம்மதிக்கவைத்துவிட்டான். மஞ்சள்காய்ச்சல் ஊசிக்கு மட்டும் அவனே கண்ணை மூடிக்கொண்டான்.

கென்யாவில் எங்களுக்கு வாய்த்த டிரைவர் ஜோசப். நெட்டையான ஆள், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கூரையைத் தூக்கிவிட்டு எழுந்து நின்று பார்க்கிற மாதிரி வேன். முதல் நாளே அவர் விரலை ஆட்டி எங்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: நான் சொல்லாமல் யாரும் கீழே கால் வைக்கக் கூடாது. நாங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையை ஆட்டினோம். இரண்டு நாள் நாங்கள் பார்த்ததை எழுத எனக்குத் திறமை பற்றாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் புல், அதில் வரிக்குதிரையும் மானும் ஆட்டுமந்தை போல. ஒட்டகச்சிவிங்கி ஒன்று வேனுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றபோது கோமதிநாயகம் அண்ணாந்து பார்த்து, "நம்ம சர்வே கருவிய இதுக்குத் தலமேல வச்சா துபாய் தெரியும்வே" என்றான். அந்த இரண்டு நாளும் அவன் முகத்தைப் பார்த்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வேன் சேற்றில் மாட்டிக்கொண்டது. "உட்காருங்கள், வேறு வண்டி வரும்" என்று சொல்லிவிட்டு ஜோசப் சீட்டின் மேல் ஏறி, கூரைக்கு வெளியே தலையை நீட்டி முன்பக்கம் தூரத்தில் வண்டி தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கேளுங்கள். கதவைத் தள்ளிக்கொண்டு குதித்தவன் நான். கோமதிநாயகம் இல்லை. 'இவனெல்லாம் ஒரு டிரைவரா, இரண்டு நிமிஷ வேலை' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்துக் காற்றை இறக்க ஆரம்பித்தேன். எத்தனை வெள்ளிக்கிழமை செய்த வேலை! வண்டி நின்றால் என் கை டயருக்குத்தான் போகும். ஊர் எது, காடு எது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

என் பின்னாலேயே அவன் இறங்கி வந்தான், என்னை இழுத்துப்போக. "இது கரிசல்வே, மணல் இல்ல. காத்த எறக்குனா வண்டி இன்னும் உள்ளதான் போவும். ஏறும் மொதல்ல!" என்று என் சட்டைக் காலரைப் பிடித்தான். நான் கையை உதறினேன். அந்த இழுபறியில் நாங்கள் இரண்டு பேரும் கவனிக்காதது, மாலா இறங்கியதை. வேனில் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கிக்கொண்டு அவள் தன் டூட்டிக்குப் போய்விட்டாள், வேனுக்கு அந்தப் பக்கம், அடுத்த பின்சக்கரத்துக்கு.

கோமதிநாயகத்தின் பிடி என் காலரில் தளர்ந்தது. அவன் வேனுக்குப் பின்னால் நாலு எட்டு நகர்ந்து போய் நின்றான். பிறகு அவன் குரல் கேட்டது. வெள்ளிக்கிழமை மணலில் பேசுவானே, அதே குரல். "ஏட்டி மாலா, மாமாவுக்குத் தொண்ட வறளுது. மேட்ட அங்கனயே போட்டுட்டு உள்ள போயி அம்மாட்ட பிளாஸ்க்க வாங்கி ஒரு டீ ஊத்து பாப்போம்."

"வண்டி இன்னும் கிளம்பலையே மாமா? டீ லாஸ்ட்லதானே?" என்றாள் மாலா.

"இன்னைக்கு டீதான் பர்ஸ்ட்டு. போ. ஓடாத, சேறு வழுக்கும். மெல்ல நடந்து போ."

அவள் கொஞ்சம் யோசித்தாள் போலிருக்கிறது. பிறகு வேனைச் சுற்றிக்கொண்டு என்னைத் தாண்டி வந்து, "டீதான் பர்ஸ்ட்டாம்பா" என்று எனக்கும் அறிவித்துவிட்டுப் படியேறினாள். அவன் திரும்பாமலே, அதே குரலில், "நீரும் எந்திரும்வே. மெல்ல ஏறும்" என்றான். அப்போதுதான் நான் எட்டிப் பார்த்தேன். மாலா மேட்டைப் போட்ட இடத்திலிருந்து இருபது அடி இருக்கும். புல்லுக்குள்ளிருந்து தலையை மட்டும் தூக்கி ஒரு பெண்சிங்கம். அதற்கும் சக்கரத்துக்கும் நடுவில் கோமதிநாயகம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. அவன் பின்பக்கமாகவே ஒவ்வொரு அடியாக வைத்து வந்து, படியில் முதுகு தட்டியதும் ஏறிக் கதவைச் சாத்தினான். சிங்கம் எழுந்து வந்து மேட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அதன் பின்னால் புல்லிலிருந்து இரண்டு குட்டிகள் கிளம்பிப் போயின. நான் கண்ணாடியில் முகத்தை வைத்து அது போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், "ஏலக்கா தூக்கலா இருக்கு மதினி" என்று அவன் சொல்வது கேட்டது. ஜோசப் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தார்.

வேறொரு வண்டி வந்து எங்களை இழுத்துவிட, விடுதிக்கு வந்த பிறகு சாரதாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாங்கள் இறங்கியபோது அவள் தலைவலி என்று வேனில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். "யார் முதல்ல இறங்கினது? எனக்கு இப்பத் தெரியணும்" என்றாள். நான் அவனைப் பார்த்தேன். அபுதாபியில் எப்போதும் முதலில் குதிக்கிறவன் அவன்தானே, எல்லோரும் நம்புவார்கள். "இவன்தான்" என்றேன். ஒரு நிமிஷம் அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "பழக்கதோஷம் மதினி" என்று தலையைச் சொறிந்தான்.

சாரதா அவனை மன்னிக்கவில்லை. லீவு முடிந்து திரும்பிய பிறகு வெள்ளிக்கிழமை ஹாரன் கேட்டால், "மாலாவுக்கு ஹோம்வொர்க் இருக்கு தம்பி" என்று வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடுவாள். இரண்டு வருஷம் அப்படி. அவனும் சரி மதினி என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போவான். நான் உள்ளே செய்தி கேட்பதுபோல் ரேடியோவைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

ஒரே ஒரு தடவை அவனிடம் கேட்டிருக்கிறேன், அவன் மகன் கல்யாணத்தில், பந்தியில். "ஏன்டா அன்னிக்கு நீ உண்மையைச் சொல்லலை?" அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "நான் போனா என் ரூமுக்குப் போவேன். நீரு மதினிகூடல்லா வீட்டுக்குப் போவணும்?" என்றான். கொஞ்சம் கழித்து, "அதோட நீரு சொல்லுத கதயில நான் நல்லாத்தான்வே இருக்கேன்" என்று சிரித்தான்.

அவன் போன செய்தி வந்த அன்றே சாரதாவிடம் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அந்தத் தம்பியை ரெண்டு வருஷம் வாசப்படியில நிக்கவச்சு அனுப்பினேனே" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் இருவரும் பாளையங்கோட்டை போனோம். அவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சாரதா எல்லாவற்றையும் சொன்னாள். "எங்கிட்ட அவுக எப்பவோ சொல்லிட்டாக. நீங்க வருத்தப்படாதீங்க மதினி" என்றார் அந்த அம்மாள். திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது. இத்தனை வருஷமாகச் சுமந்ததை இறக்கி வைத்த தூக்கம்.

கடைசியாக மாலாவுக்குப் போன் செய்தேன். அவள் இப்போது ஷார்ஜாவில் இருக்கிறாள், ஐம்பதைத் தாண்டிவிட்டாள். அவளிடமும் சொன்னேன்.

"அப்பா, எனக்கு அந்தச் சிங்கமே ஞாபகம் இல்லப்பா. நீங்க சொல்லிச் சொல்லித்தான் தெரியும். எனக்கு ஞாபகம் இருக்கறது டீதான். மாமாகிட்ட கப்பைக் கொடுத்தேன். அவர் கை அப்படி நடுங்கிச்சு, பாதி டீ என் ஃபிராக்ல கொட்டிடுச்சு. நான்தான் சிந்தினேன்னு அம்மா திட்டினாங்க. மாமாவப் பாத்தா பாவமா இருந்தது. சரி போகட்டும்னு நானே திட்டு வாங்கிக்கிட்டேன்."

அவனுக்குப் பயமே கிடையாது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நண்பர்களே, அவன் நம்மைப் போலத்தான் பயந்திருக்கிறான். அந்த நடுக்கம் கைக்கு வந்ததே தவிர, குழந்தை வண்டிக்குள் ஏறும்வரை குரலுக்கு வரவில்லை. கோமதிநாயகம் எனக்கென்று விட்டுப்போயிருப்பது ஒன்றுதான். என் மகளுக்கு அந்தச் சிங்கம் ஞாபகம் இல்லை.